பவுடர் போட்டும் பாய்லரில் உப்புப் படிவது ஏன்?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் புழுங்கல் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். மணிக்கு ஒரு டன் நீராவி தரும் உமி பாய்லர், போர் தண்ணீர். உப்புப் படியாமலிருக்க மாதாமாதம் பவுடர் வாங்கிப் பாய்லர் தண்ணீரில் போடுகிறோம். ஆனாலும் வருடச் சோதனைக்குத் திறந்தபோது குழாய்களில் காரை பூசியதுபோல் உப்பு. பவுடரைக் கூட்டலாமா? எங்கள் பழைய பாய்லர்மேன் கடுக்காய்ப் பொடி போடச் சொல்கிறார்.

பதில்: கூட்டாதீர்கள். முதலில் ஒரு கணக்குப் போடுவோம். பல ஆலைகளில் நீராவி வேலை முடிந்து தண்ணீராகி பாய்லருக்கே திரும்பும். உங்கள் நீராவி நெல்லோடு போய்விடுகிறது. பத்து மணி நேரம் ஓட்டினால் 10,000 லிட்டர் புதுத் தண்ணீர் வேண்டும். அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வையுங்கள், ஒரே நாளில் 3 கிலோ சுண்ணாம்பு உள்ளே இறங்குகிறது. ஆவி வெளியே போகும், சுண்ணாம்பு போகாது.

இதை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதற்குத்தான் சாஃப்ட்னர். அதிலுள்ள ரெசின் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். இயந்திரம் வாங்கியவர்கள் பலர் மறப்பது இதைத்தான். சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் தினமும் சொட்டுச் சோதனை செய்யுங்கள். நிறம் சிவந்தால் கடினம் கசிகிறது, நீலமானால் சரி.

பவுடர் அதற்கு அப்புறம். அதிலுள்ள பாஸ்பேட், மிச்சமிருக்கும் கால்சியத்தை ஒட்டாத சேறாக்கும். அந்தச் சேற்றை ப்ளோடவுன் வால்வைத் திறந்து வெளியேற்றாவிட்டால் அதுவே குழாயில் சுட்டு ஒட்டும். நீங்கள் தவறியது இங்கேயாக இருக்கலாம். ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது சில வினாடிகள் திறந்து மூடச் சொல்லுங்கள்.

கடுக்காயைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். அதன் டானின் சேறு ஒட்டாமல் தடுக்கும். நீராவி எஞ்சின் காலத்தில் உருளைக்கிழங்குகூடப் போட்டார்கள். ஆனால் ஒரு கைப்பிடியில் எவ்வளவு டானின் என்று யார் அளப்பது?

உங்கள் நீராவி நேரே நெல்லைத் தொடுகிறது. அதனால் பவுடர் உணவு ஆலைக்கு ஏற்றது என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஹைட்ரஸீன் கலந்தது வேண்டவே வேண்டாம்.

ஒரு மில்லிமீட்டர் படிவே எரிபொருளை 5 முதல் 8 சதவீதம் கூட்டும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (BEE). உமி சொந்த உமி என்பதால் உங்களுக்கு அது உறைக்காது. படிவுக்குக் கீழே குழாய் அதிகம் சூடாகி வீங்குவதுதான் ஆபத்து. இருக்கும் படிவை நீக்க நீங்களே ஆசிட் ஊற்ற வேண்டாம், அனுபவமுள்ளவர்களை அழையுங்கள்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துவிட்டுச் சாஃப்ட்னர் வாங்குங்கள். அதன் அளவைத் தீர்மானிப்பது அந்தச் சோதனையில் வரும் கடினத்தன்மை எண்தான்.