வீட்டுக்குள் கழிவுநீர் புகுந்தால்: நோயாளி இருக்கும் இல்லத்திற்கு ஒரு வழிகாட்டி

வெளியேற வேண்டிய கழிவுநீர் அதே குழாய் வழியே வீட்டுக்குள் திரும்பி வரும்போது, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அருவருப்பு. உடனே துடைப்பத்தையும் வாளியையும் தேடுகிறோம். அந்த அவசரம் எந்த வீட்டிலும் நல்லதன்று. அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பியவரோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ, காலில் ஆறாத புண்ணுள்ள நீரிழிவு நோயாளியோ இருக்கும் வீட்டில் அது பெரும் ஆபத்தாக முடியும். செய்ய வேண்டிய பணிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நோயாளியை அப்புறப்படுத்த வேண்டும். அடுத்துக் குடிநீரைக் காக்க வேண்டும். அதன் பின்னரே தரையைக் கழுவ வேண்டும். இந்த வரிசைக்கான காரணங்களை இங்கே விளக்குகிறோம்.

கழிவுநீர் ஏன் எதிர்த்து வருகிறது?

வீட்டிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடைக்குக் கழிவுநீர் செல்வது பெரும்பாலும் சரிவினால்தான். தெருக்குழாய் நிரம்பி, அதிலுள்ள நீரின் மட்டம் வீட்டின் தரைமட்டத்தைவிட உயர்ந்துவிட்டால், நீர் எதிர்த்திசையில் பாய்ந்து, மிகத் தாழ்வான திறப்பின் வழியே வெளிவரும். பெரும்பாலும் அது தரைத்தளக் குளியலறையின் வடிகால் துளையாகவோ கழிவறைக் கோப்பையாகவோ இருக்கும். சில வேளைகளில் அடைப்பு வீட்டுக்கும் தெருவுக்கும் இடையிலேயே ஏற்படும். அப்போது மாடியில் உள்ளவர்கள் ஊற்றும் நீரெல்லாம் கீழ்வீட்டில் பொங்கும். ஆகவே கழிவுநீர் ஏறத் தொடங்கியதும், கட்டடத்தில் உள்ள அனைவரும் குழாய்களையும் கழிவறைகளையும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

குழாய் அடைபடுவதற்குக் காரணங்கள் பல: குளிர்ந்து உறையும் சமையல் எண்ணெய், மாதவிடாய் அணையாடைகள், குழந்தைகளின் டயாப்பர், துடைப்புத் தாள், நெகிழிப் பை, குழாய் இணைப்புகளில் நுழையும் மரவேர்கள். நோயாளியைப் பராமரிக்கும் வீடுகளில் பஞ்சும் கட்டுத்துணியும் கழிவறையில் போடப்படுவது உண்டு. இவற்றைத் தனி உறையில் கட்டிக் குப்பையில் சேர்ப்பதே முறை.

மழைக்காலத்தில் வேறொரு காரணமும் சேர்கிறது. சென்னை போன்ற சமதள நகரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி வடிகால்கள் உள்ளன. வீட்டு மாடியின் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் இணைப்பில் சேர்த்துவிட்டாலோ, தெருவில் தேங்கிய நீரை வடிக்க ஆள்நுழைவுத் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டாலோ, அந்தச் சுமையைக் கழிவுநீர்க் குழாய் தாங்காது. செப்டிக் டேங்க் உள்ள புறநகர்களில், நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது உறிஞ்சுகுழி நீரை வாங்க மறுக்கிறது. தொட்டி நிரம்பி வழிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நின்றது வெறும் மழைநீரன்று. கழிவுநீரும் கலந்த நீர்.

முதற்பணி: நோயாளியை அப்புறப்படுத்துதல்

கழிவுநீரில் காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, ஏ, இ வகைக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றின் கிருமிகள் இருக்கக்கூடும். எலிகளின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அது சிறு கீறல் வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் உடலுள் நுழையும். நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு அந்தக் கீறல் இருப்பதே தெரியாது.

எனவே நோயாளிகள், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோரை மேல்தளத்திற்கோ உறவினர் வீட்டிற்கோ அனுப்பிவிடுங்கள். சுத்தம் செய்யும் பணியில் அவர்கள் கைகொடுக்க முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். மருந்துகள், மருத்துவக் குறிப்பேடு, இன்சுலின் ஆகியவற்றை அவர்களுடனேயே அனுப்புங்கள். கழிவுநீர் பட்ட மாத்திரை அட்டைகளையும் கட்டுத்துணிகளையும் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பாதிக்கப்பட்ட வீட்டில் திரவம் மாற்றக் கூடாது. உடனே தங்கள் சிகிச்சைப் பிரிவைத் தொடர்புகொள்ள வேண்டும்.

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. முதன்மை விசை உலர்ந்த இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணையுங்கள். நீரில் நின்றுகொண்டு எந்த விசையையும் தொடாதீர்கள், மின்வாரியத்தை அழையுங்கள்.

இரண்டாம் பணி: குடிநீரைக் காத்தல்

தரையில் கிடக்கும் அழுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அதைத் தொடாமல் விலகுகிறோம். தரைக்கடியில் உள்ள சம்ப்பில் கலந்த கழிவுநீர் தெரிவதில்லை. மோட்டாரை ஒருமுறை இயக்கினால் அது மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, சமையலறை வரை வந்துவிடும். குடிநீரில் கழிவுநீர் கலப்பதன் விளைவை 1955 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் டெல்லி கண்டது. யமுனை வெள்ளத்திற்குப் பின் நகரின் குடிநீர் எடுக்கும் இடத்தில் கழிவுநீர் கலந்தது. ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது இ வகைக் கல்லீரல் அழற்சி என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தது. கருவுற்ற பெண்களின் உயிருக்குப் பெரும் ஆபத்தை விளைவிக்கும் நோய் அது.

ஆகவே கழிவுநீர் சம்ப்பின் மூடியைத் தொட்டிருந்தால் மோட்டாரை இயக்காதீர்கள். நீரைத் தெளிவையும் மணத்தையும் வைத்துத் தூயதென்று கொள்ள வேண்டாம். சம்ப்பை முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 170 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் கலந்து, 24 மணி நேரம் விட்டு, அந்த நீரை முழுவதும் வெளியேற்ற வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கும் இதுவே முறை. அந்த நீர் குடிப்பதற்கன்று. இப்பணியைப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே செய்வியுங்கள். அதுவரை வெளியிலிருந்து பெற்ற பாதுகாப்பான நீரையே, கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். பல் துலக்குவதற்கும் அதே நீர்தான்.

மூன்றாம் பணி: தூய்மை செய்தல்

உடல்நலமுள்ள பெரியவர் ஒருவரோ இருவரோ மட்டும் இதைச் செய்ய வேண்டும். முழங்கால் வரையிலான ரப்பர் காலணி, கனமான ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவை தேவை. கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். அழுத்தத்துடன் நீரைப் பீய்ச்சினால் கிருமிகள் துளிகளாகப் பறக்கும், அதைத் தவிருங்கள்.

முதலில் சேற்றையும் கழிவையும் அள்ளி அகற்றுங்கள். பிறகு சோப்பு நீரால் தரையையும், நீர் ஏறிய உயரத்திற்குச் சற்று மேல்வரை சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். அதற்குப் பின்னரே கிருமிநீக்கி. அழுக்கின் மேல் நேரே தூவிய பிளீச்சிங் பவுடரின் ஆற்றலை அந்த அழுக்கே தின்றுவிடும். 10 லிட்டர் வாளி நீருக்கு ஏறத்தாழ 150 கிராம் பவுடரைக் கலந்து, அடியில் தங்குவதை விட்டு, தெளிந்த நீரைத் தரையில் பரப்பிக் குறைந்தது 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இக்கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும்.

கழிவறைக்கான ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகவும் ஊற்றாதீர்கள். அவ்விரண்டும் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு எழும்.

நனைந்த மெத்தை, தலையணை, பாய், கம்பளம் ஆகியவற்றை மீட்க முயல வேண்டாம். துணிகளை வெந்நீரில் தனியே துவையுங்கள். கழிவுநீர் தொட்ட உணவுப் பொருள்களைக் கொட்டிவிடுங்கள். தரையும் சுவரும் முழுவதும் உலர்ந்த பின்னரே நோயாளி வீடு திரும்பலாம். ஈரச் சுவரில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் திரும்புமுன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவகமும் கடையும் நடத்துவோர் இப்பணிகள் முடியும் வரை விற்பனையை நிறுத்திவைக்க வேண்டும். சமையலறைக் கழிவுக்குழாயில் எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் தொட்டி அமைத்து, அதை முறையாகத் துப்புரவு செய்துவந்தால் அடைப்பு பெருமளவு குறையும்.

தொட்டிக்குள் எவரையும் இறக்காதீர்கள்

அடைப்பு எடுக்க ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடைக் குழியிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இறங்குபவர் ஒப்புக்கொண்டாலும், கூலி கூடுதலாகக் கொடுத்தாலும் அது குற்றமே. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு மிகும்போது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்து, சில மூச்சுகளில் மயக்கி வீழ்த்தும். அவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் இறந்துபோவது திரும்பத் திரும்ப நிகழ்கிறது. எந்திர ஊர்தியை வரவழையுங்கள். செப்டிக் டேங்க் துப்புரவுக்கு 14420 என்ற எண்ணையும், சென்னையில் சாக்கடை அடைப்புக்குக் குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

கழிவுநீரில் நின்றவருக்கு அடுத்த நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அன்றே வாருங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டால் எளிய மருந்துகளால் குணப்படுத்தலாம். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும். மஞ்சள் காமாலை இரண்டு மாதம் கழித்தும் வரலாம். வயிற்றுப்போக்குக்கு உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். காயம் பட்டிருந்தால் சோப்பும் தூயநீரும் கொண்டு கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைத் தாமாகக் கடையில் வாங்கி உண்ண வேண்டாம்; அது யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

வரும்போது ஒரு செய்தியைத் தவறாமல் சொல்லுங்கள்: “எங்கள் வீட்டுக்குள் கழிவுநீர் வந்தது, இன்ன நாளில் அதில் நின்றோம்.” நாற்றம் போனதும் பலர் அதை மறந்துவிடுகின்றனர், கூச்சத்தால் மறைப்பவர்களும் உண்டு. காய்ச்சலுக்குக் காரணங்கள் நூறு இருக்கலாம். அந்த ஒரு செய்தி, எந்தப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதை எங்களுக்குக் காட்டிவிடும்.