விரல் நுனியில் ஒரு விளக்கு

நோயாளியின் விரலில் சிறு கவ்வி ஒன்றை மாட்டுகிறார்கள். சில நொடிகளில் 98 என்று ஓர் எண் தோன்றுகிறது. அவருடைய ஹீமோகுளோபினில் நூற்றுக்கு 98 பங்கு பிராணவாயுவைச் சுமக்கிறது என்பது அதன் பொருள். ஒரு சொட்டு இரத்தமும் எடுக்காமல் இதை அறிவது எங்ஙனம்?

கவ்வியின் ஒரு புறத்தில் இரு சிறு விளக்குகள் உள்ளன. ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி. மற்றது 940 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளி. மறுபுறம், கடந்துவரும் ஒளியை அளக்கும் உறுப்பு. பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபின் சிவப்பொளியை மிகுதியாக விழுங்கும். அதை ஏற்றது அகச்சிவப்பை மிகுதியாக விழுங்கும். இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் அல்லவா?

அவ்வளவு எளிதன்று. தோலும் எலும்பும் சிரை இரத்தமும் ஒளியை விழுங்குகின்றனவே! இம்முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. இரத்தத்தில் சாயம் கலந்து, காதின் வழியே ஒளி செலுத்தி, இதயம் இறைக்கும் இரத்தத்தின் அளவைக் காண அவர் முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவைக் குலைத்தது. அதை நீக்க முயல்கையில்தான், ஒளியில் துடிக்கும் பகுதி தமனி இரத்தத்தால் வருவது என்பதைப் பயன்படுத்தலாம் என உணர்ந்தார். துடிப்பதை மட்டும் கணக்கில் கொண்டால் போதும்! தொல்லை கொடுத்ததே வழிகாட்டியும் ஆயிற்று. 1974-ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார்.

தோல் துடிப்பதில்லை, ஆகவே அதன் நிறம் கணக்கில் வாராது என்பது ஏட்டுக் கணக்கு. நடப்போ வேறு. ஒளியின் விகிதத்தை எண்ணாக மாற்றும் அட்டவணை, தொண்டர்கள் சிலரின் இரத்தத்தைச் சோதித்து வகுக்கப்படுவது. 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று வெளியாயிற்று. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6, கறுப்பரிடம் 11.7. மூச்சுத்திணறும் ஒருவரைக் கருவி "நலம்" என்று சொல்லிவிட்டால், அவருக்குப் பிராணவாயு தரத் தாமதமாகும். அமெரிக்க அரசின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ, சோதனைக்குக் கருந்தோல் உடையவர் இருவரோ, நூற்றுக்கு 15 பேரோ, இவற்றுள் எது அதிகமோ அது போதும் என்றது. பதின்மரைக் கொண்டு சோதித்தால் இருவரே!

நம் சங்கத்து அன்பர்களின் நிறங்களை எண்ணிப் பாருங்கள். கருவியியல் பயிலும் நண்பர்கள், ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்க்கும்பொழுது, மாநிற விரலும் கருநிற விரலும் அட்டவணையில் இடம்பெறச் செய்யலாம். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைத் திரிக்கும் என்பதையும் உடன் காணலாம்.

ஐயம் எழுந்தால், தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதிப்பதே இன்றும் உறுதியான வழி. அதற்கு ஊசி வேண்டும்.