செங்கோட்டையில் ஜப்பான் கைதிகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜப்பான் சிப்பாய்களை இந்தியாவில் வைத்து விசாரித்தார்களாமே, எங்கே? அடித்து உதைத்தா உண்மையை வாங்கினார்கள்?
– வாசகர், கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்

பதில்: டெல்லி செங்கோட்டையில். ஜெர்மன், இத்தாலியக் கைதிகளை விசாரிக்க இங்கிலாந்திலும் கெய்ரோவிலும் பிரிட்டிஷ் ராணுவம் மையங்கள் வைத்திருந்தது. அவற்றின் இந்தியக் கிளைதான் செங்கோட்டையில் இருந்தது.

ஜப்பானியர் உயிரோடு சிக்குவதே அபூர்வம். சிறைப்படும் அவமானத்தைவிட சாவே மேல் என்று 1941 ஜனவரியில் ஜப்பானிய ராணுவ அமைச்சர் டோஜோ வெளியிட்ட போர்க்கள நெறி சொன்னது. 1944-இல் இம்பால், கோஹிமாவில் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் பசியிலும் நோயிலும் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவர்கள். ஆனால் அந்த நெறியே ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது. பிடிபடவே கூடாது என்று சொல்லி வளர்த்தார்களே தவிர, பிடிபட்டால் எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஊருக்குத் திரும்ப முகமில்லை என்று நினைத்தவன், அன்பாகப் பேசியவரிடம் மனம் திறந்தான். சட்டைப்பையில் நாட்குறிப்பும் இருக்கும். நேச நாட்டுப் படைகளில் அதற்குத் தடை. ஜப்பானியரோ எழுதித் தள்ளினார்கள்.

அன்பான பேச்சுக்கு உதாரணமாக, பசிபிக் போர்முனையில் ஷெர்வுட் மோரன் என்றொரு அமெரிக்க மேஜர் இருந்தார். ஜப்பானில் நெடுங்காலம் மிஷனரியாக வாழ்ந்தவர். காயத்துக்கு மருந்து போட்டார்களா, சாப்பிட்டாயா என்றுதான் பேச்சைத் தொடங்குவார். கைதியை விறைப்பாக நிற்க வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பார். இந்த முறை பற்றி 1943 ஜூலையில் அவர் எழுதிய குறிப்பை, ஈராக் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் மறுபடி தேடிப் படித்தார்கள். எந்த முகாமிலும் யாரும் கை ஓங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மோரன் வழியில் கிடைத்த பேச்சு அடியால் கிடைத்திருக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

இப்படிப் பேச டெல்லியிலும் மொழி தெரிந்த ஆள் வேண்டுமே! லண்டனில் அவசர அவசரமாக ஜப்பானிய மொழி கற்றவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான லூயிஸ் ஆலன், பிற்பாடு இரு தரப்பையும் கேட்டு பர்மா போரின் வரலாற்றை எழுதினார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களும் டெல்லிக்கு வந்தார்கள். அவர்களில் பலருடைய பெற்றோர் அப்போது அமெரிக்க முகாம்களில், முள்வேலிக்குள்.

நம்மவர்களும் இந்த விசாரணைக்குத் தப்பவில்லை. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்திருந்தார்கள். பிடிபட்ட ஐ.என்.ஏ. வீரர்களை இதே அமைப்பு விசாரித்து, பிரிட்டிஷாருக்கு எந்த அளவு விசுவாசம் என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு எனத் தரம் பிரித்தது. ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதான வழக்கும் 1945 நவம்பரில் அதே செங்கோட்டையில்தான் தொடங்கியது.