கொடைக்கானலில் ஒரு காப்பி இயந்திரம்

கொடைக்கானலில் ஒரு பாத்திரத்தில் நீரை ஊற்றி அடுப்பில் வையுங்கள். நீர் தளதளவென்று கொதிக்கும்போது அதனுள் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அது 100° செ. காட்டாது, 93° செ. அளவிலேயே நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. வெப்பமானி கெட்டுவிட்டது என்று எண்ணி அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது உண்மையைத்தான் சொல்கிறது. மாறியிருப்பது நாம் நிற்கும் உயரம்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,130 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அளவு குறைவு. ஆகவே காற்றழுத்தமும் குறைவு. மதுரையில் ஏறக்குறைய 1 பார் இருக்கும் காற்றழுத்தம், கொடைக்கானலில் 0.78 பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளியழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1° குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு எளிதில் வேகாததற்குக் காரணம் இதுவே.

இந்த எளிய உண்மை, விலை உயர்ந்த ஓர் இயந்திரத்தை வைத்திருப்பவரை எப்படியெல்லாம் குழப்பக்கூடும் என்று பார்ப்போம். அதன் வழியாக, எந்தக் கருவியிலும் பழுது கண்டறியும் முறையையும் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டு கொதிகலன்கள் ஏன்?

பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை ஆகிய ஊர்களைச் சுற்றிக் காப்பி விளைகிறது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கு விளையும் காப்பியை நாம் வழக்கமாகப் பில்டரில் இறக்கி, டிகாக்‌ஷனாக்கிக் குடிக்கிறோம். பில்டரில் நீர் தன் எடையால் மெல்லச் சொட்டுகிறது. எஸ்பிரஸோ முறையிலோ, நீரை ஒரு பம்ப் 9 பார் அழுத்தத்தில் காப்பித்தூளின் ஊடே தள்ளுகிறது. அரை நிமிடத்திற்குள் காப்பி இறங்கிவிடும்.

திருமண வீடுகளில் சீறும் ஓசையுடன் தரப்படும் ‘எஸ்பிரஸோ காப்பி’ வேறு. அந்த இயந்திரம் பெரும்பாலும் ஒரு நீராவிக் கொதிகலன் மட்டுமே. பாலைச் சூடாக்கி நுரைக்க வைப்பதே அதன் வேலை.

உண்மையான எஸ்பிரஸோவுக்கு 90° முதல் 96° செ. வரையுள்ள நீர் வேண்டும். அதைவிடச் சூடானால் காப்பி கசக்கும், குறைந்தால் புளிக்கும். பாலை நுரைக்க வைப்பதற்கோ 115° செ.-க்கு மேற்பட்ட நீராவி வேண்டும். 1901-ஆம் ஆண்டில் இத்தாலியில் லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமை கோரிய இயந்திரத்தில் ஒரே கொதிகலன்தான் இருந்தது. நீராவியின் அழுத்தமே நீரையும் தள்ளியது. ஆகவே நீர் மிகையாகச் சூடேறியது. இன்று வீடுகளுக்கு வரும் இரட்டைக் கொதிகலன் இயந்திரத்தில் ஒரு கலன் காப்பிக்குரிய நீரைத் தன் வெப்பநிலையில் வைத்திருக்கிறது. மற்றொன்று நீராவியைத் தருகிறது. இரண்டுக்கும் தனித்தனி வெப்பச் சுருள்; தனித்தனிக் கட்டுப்பாடு.

பாலை நுரைக்க நீராவி ஏன் என்று கேட்கலாம். 150 கிராம் பாலை 10°-இலிருந்து 60°-க்கு உயர்த்த ஏறக்குறைய 7,000 கலோரி தேவை. கொடைக்கானலில் கொதிக்கும் 93° நீரைப் பாலில் ஊற்றி இந்த வெப்பத்தைத் தர வேண்டுமானால் 200 கிராமுக்கு மேல் நீர் வேண்டும். பால் நீர்த்துப் போய்விடும்! ஆனால் 1 கிராம் நீராவி குளிர்ந்து நீராகும்போது மட்டும் ஏறக்குறைய 540 கலோரி உள்ளுறை வெப்பத்தை விடுகிறது. ஆகவே 12 கிராம் நீராவியே போதும். நீராவி பட்டால் ஏற்படும் புண், கொதிநீரால் ஏற்படும் புண்ணைவிடக் கடுமையாக இருப்பதற்கும் இந்த உள்ளுறை வெப்பமே காரணம்.

கோளாறு போலத் தோன்றும் மூன்று

மதுரையில் நன்றாக இயங்கிய ஓர் இயந்திரத்தைக் கொடைக்கானலுக்குக் கொண்டு செல்வதாக வைத்துக்கொள்வோம். அங்கே மூன்று புதிய ‘கோளாறுகள்’ தோன்றலாம்.

முதலாவது: வடிகட்டிக் கிண்ணத்தைப் பொருத்தாமல் நீரைத் திறந்தால், அது சீறித் தெறித்து ஆவி கக்குகிறது. வெப்பநிலைக் கட்டுப்பாடு பழுதாகி நீர் மிகையாகச் சூடேறுகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் காட்டும் அளவு பழைய 95° செ.-தான். மூடிய கலனுக்குள் அழுத்தத்தில் இருக்கும்வரை அந்த நீர் கொதிப்பதில்லை. வெளியே வந்ததும் அதன்மேல் 0.78 பார் அழுத்தமே உள்ளது. அங்கே கொதிநிலை 93°. மிகுதியாக உள்ள 2° வெப்பம் நீரின் ஒரு சிறு பகுதியை உடனே ஆவியாக்குகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 60 கிராம் நீரில் 2° என்றால் 120 கலோரி. இதை 540-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.22 கிராம். இது சிறு அளவுதான். ஆனால் இந்த ஆவி அரை லிட்டர் அளவுக்கு இடத்தை அடைக்கும். சீறலுக்குக் காரணம் அதுவே. வெளிவரும் நீர் 92° அளவில் இருக்கும்படி அமைத்துவிட்டால் சீறல் அடங்கும். காப்பிக்கு வேண்டிய எல்லைக்குள்தான் அதுவும் இருக்கிறது.

இரண்டாவது: நீராவிக் கலனின் அழுத்தமானி முன்போலவே 1 பார் காட்டுகிறது, ஆனால் நீராவியின் வெப்பநிலை சற்றுக் குறைவு. அழுத்தமானியின் முள் காட்டுவது உள்ளே இருக்கும் முழு அழுத்தத்தை அன்று. வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதையே. மதுரையில் முழு அழுத்தம் 1 + 1 = 2 பார். அதற்குரிய கொதிநிலை 120° செ. கொடைக்கானலில் முழு அழுத்தம் 1 + 0.78 = 1.78 பார். அதற்குரிய கொதிநிலை ஏறக்குறைய 117° செ.

மூன்றாவது இதற்கு நேர்மாறானது. சில இயந்திரங்களில் நீராவிக் கலனை அழுத்தம் அன்றி வெப்ப உணர்வி கட்டுப்படுத்துகிறது. அதை 120°-இல் அமைத்திருந்தால் கொடைக்கானலிலும் 120°-தான் இருக்கும். முழு அழுத்தமும் 2 பார்தான். ஆனால் வெளிக்காற்று குறைந்துவிட்டதால் முள் 1.2 பாரைக் காட்டும். அழுத்தம் ஏறிவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை.

பம்பின் 9 பார் அழுத்தத்தில் இத்தகைய குழப்பம் இல்லை. காப்பித்தூளின் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடே நீரை ஓட்டுகிறது. அது மலையிலும் சமவெளியிலும் ஒன்றே.

ஆக, உண்மையில் பழுதான உறுப்பு எதுவும் இல்லை. இதை அறியாதவர் நல்ல உணர்வியையும் நல்ல வால்வையும் கழற்றி மாற்றிப் பணத்தை இழப்பார். அதைவிடத் தீங்கானது, அழுத்தத்தைக் ‘சரிசெய்ய’ப் பாதுகாப்பு வால்வைத் திருகுவது. அந்த வால்வைத் திருகவும் அடைக்கவும் கூடாது. அது உயிர் காக்கும் உறுப்பு.

உண்மையான பழுதுகள்

இனி உண்மையான பழுதுகளைப் பார்ப்போம். அவற்றுக்கும் இயற்பியலே வழிகாட்டும்.

முள் விரைவில் 1 பார் காட்டுகிறது; ஆனால் குழாயைத் திறந்தால் நீராவி சில நொடிகளில் ஓய்ந்துவிடுகிறது. கலனுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது என்பது இதன் பொருள். காற்றின் அழுத்தமும் நீராவியின் அழுத்தமும் சேர்ந்தே முள்ளைத் தள்ளுகின்றன. சூடேறும்போது காற்றை வெளியே விடுவதற்கென ஒரு சிறு வால்வு உண்டு. அது மூடியபடி சிக்கிக்கொண்டால் இவ்வாறு நேரும். இயந்திரம் ஆறும்போது உள்ளே நீராவி நீராகி வெற்றிடம் உண்டாகும். அப்போது காற்றை உள்ளே விடுவதும் இதே வால்வுதான். அது திறக்காவிட்டால், குழாய் பாலில் மூழ்கியிருக்கும்போது கலன் பாலையே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வால்வின் பழுது இப்படி இரண்டு அறிகுறிகளைத் தருகிறது.

இயந்திரம் சூடேற நெடுநேரம் ஆகிறது. முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். சுருளின் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் திறன் 61 விழுக்காடாக இறங்கிவிடும். மின்னழுத்தம் சரியாக இருந்தால் அடுத்து உப்புப் படிவைச் சந்தேகிக்கலாம். கடின நீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இப்படிவின் வெப்பங்கடத்துதிறன் தாமிரத்தினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சமவெளியில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஓடிய இயந்திரம், மலைக்கு வரும்போது இப்படிவையும் சுமந்து வரும். இயந்திரத்தின் கையேடு அனுமதித்தால் மட்டுமே சிட்ரிக் அமிலக் கரைசலால் இதைக் கரைக்கலாம்.

அப்படியானால் உப்பே இல்லாத, காய்ச்சி வடித்த நீரை ஊற்றலாமா? அதுவும் கூடாது. நீராவிக் கலனில் நீர்மட்டத்தை அறிய ஓர் உலோகக் கம்பி இருக்கிறது. நீர் அதைத் தொட்டதும் மிகச் சிறு மின்னோட்டம் பாய்வதால் மட்டம் தெரிகிறது. தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே ‘நீர் இல்லை’ என்று கருதி, பம்ப் கலன் வழியும்வரை நீரைச் செலுத்திக்கொண்டே இருக்கும்.

பம்பின் அழுத்தம் 9 பாரை எட்டவில்லை. பம்பைக் குறை கூறுமுன் ஒரு சோதனை செய்யலாம். வடிகட்டிக்குப் பதிலாகத் துளையில்லாத கிண்ணத்தைப் பொருத்தி இயக்குங்கள். இப்போது முள் 9-ஐ எட்டினால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. காப்பித்தூள்தான் பருமனாக அரைபட்டிருக்கிறது.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் இயந்திரத்தை இயக்கியதும் மின்கசிவு காப்புச் சாவி விழுகிறது. வெப்பச் சுருளின் உறைக்குள் மின்காப்புப் பொருளாக மக்னீசியம் ஆக்சைடு தூள் இருக்கிறது. உறையின் முனைகளில் அடைப்பு தளர்ந்திருந்தால், மலையின் மூடுபனியிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சி மின்காப்பை இழக்கிறது. சாவியை மீண்டும் மீண்டும் தூக்கிவிடாதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் தேர்ந்த மின்பணியாளரை அழையுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டிய வரிசை

முதலில், கருவி காட்டும் அளவு எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது என்று கேளுங்கள். அடுத்து, சூழலில் என்ன மாறியது என்று பாருங்கள்: உயரமா, நீரா, மின்னழுத்தமா? பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால், பழுது நீங்கினாலும் அதன் காரணம் தெரியாது. இவ்வளவும் முடிந்த பின்னரே கலன் குளிர்ந்து, அழுத்தம் முற்றும் இறங்கி, மின்னிணைப்பு நீக்கப்பட்ட நிலையில், பெரியவர் துணையுடன் மூடியைத் திறக்க வேண்டும்.

நீங்களே விடை காணுங்கள்

1. உங்கள் ஊரில் நீர் கொதிக்கும் வெப்பநிலையை ஆசிரியர் முன்னிலையில் அளந்து, ஊரின் உயரத்தை மதிப்பிடுங்கள். ஒரு டிகிரி பிழை ஏற்பட்டால் உயரத்தில் எத்தனை மீட்டர் பிழை வரும்?

2. கொடைக்கானல் வான் ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?

3. கொடைக்கானலில் சரியாக அமைக்கப்பட்ட இயந்திரத்தை, எதையும் திருகாமல் பழனி அடிவாரத்திற்கு இறக்கினால், நாம் கண்ட மூன்று ‘கோளாறு’களில் எவை எப்படி மாறும்?