எழுதுகோலுக்கு இசையும் வெண்டிரை

மாணவர் செயற்றிட்டங்களுட் சில பார்ப்பவரை வியக்கவைக்கும். செய்தவருக்கோ அதிகம் கற்பியா. இரண்டையும் ஒருங்கே செய்யவல்ல ஒன்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன். வெண்சுவரிலே கணினியின் படம் விழுகின்றது. மாணவன் கையிலுள்ள கோலால் அதனைத் தொட்டு வரைகின்றான். தொட்ட இடத்திற் கோடு தோன்றுகின்றது. இத்தகைய திரையைக் கடையிற் பெரும்பொருள் கொடுத்தே வாங்கல் வேண்டும். கணினியும் பழைய படவெறிகருவியும் உள்ளவர்க்கு ஏனையவை சில்லறைச் செலவே.

இவ்வழியை உலகறியச் செய்தவர் ஜொனி சுங் லீ என்பார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அவர், 2007 இல், நின்ரெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ விளையாட்டுக்கருவிக்குரிய கைப்பிடியைச் சுவரை நோக்கி வைத்தார். அக்காலத்தில் ஏறக்குறைய 40 டொலர் விலையாயிருந்த அக்கைப்பிடியினுள்ளே செந்நிறக்கீழ்க் கதிரைக் காணும் சிறு கமரா ஒன்று உண்டு. விளையாட்டுப் பொருளில் ஆய்கருவியைக் கண்ட கண்ணே கண்!

உண்மையில் திரை ஒன்றும் அறியாது; அது வெறுஞ் சுவரே. அறிவது கமரா. பழைய பேனைக் கூடொன்றினுள் 1.5 உவோற்று மின்கலம், அழுத்தாளி, நுனியிற் செந்நிறக்கீழ் ஒளிகாலும் இருவாயி ஆகியவற்றைத் தொடராக இணைத்தால் கோல் ஆயிற்று. ஆளியை அழுத்த 940 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி எழும். நம் கண் அதனைக் காணாது. கைத்தொலைபேசியின் கமரா பெரும்பாலும் காணுமாதலின், கோலைச் சோதிக்க அதுவே எளிய வழி. கைப்பிடி கிடையாதவர் சாதாரண வலைக்கமராவினுள் இருக்கும் செந்நிறக்கீழ்த் தடுப்புக் கண்ணாடியை நீக்கி, ஒளிபட்டுக் கழுவிய நிறப்படச் சுருளின் கருந்துண்டை வில்லைக்கு முன்னே ஒட்டுக. அது கட்புல ஒளியை மறித்து, வேண்டிய கதிரை உள்ளே விடும்.

பொருத்துவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. கற்கவேண்டியது அதன் பின்னரே. கமராவைத் திரைக்கு நேரே வைத்தால் எழுதுவோனின் உடல் கோலை மறைக்கும். எனவே பக்கவாட்டிற் சாய்த்து வைத்தல் வேண்டும். அங்ஙனம் வைக்கச் செவ்வகத் திரை கோணலான நாற்பக்கலாகத் தெரியும். அண்மைப் பாதி பெரிதாகவும் சேய்மைப் பாதி சிறிதாகவும் தோன்றும். கமரா கண்ட ஒளிப்புள்ளி திரையில் எவ்விடம்?

என்னிடம் உசாவ வந்த உயர்தர மாணவர் சிலர், மூன்று மூலைகளை மட்டும் தொட்டு விகிதசமத்தாற் கணித்திருந்தனர். அம்மூன்றும் அச்சொட்டாகப் பொருந்தின; நான்காவது மூலையிலோ கோடு ஒரு சாண் விலகிற்று. கமரா பழுதென முடிவுகட்டி, வேறொன்று வாங்கப் பணமும் சேர்த்துவிட்டனர். பழுது கமராவிலன்று. அவர்தம் கணிப்பு இணைகோடுகளை இணைகோடுகளாகவே வைக்கும். சாய்ந்த பார்வை அங்ஙனம் வையாது. அதில் நேர்கோடு நேர்கோடாயிருப்பது மட்டுமே எஞ்சும். ஆகவே திரைப்புள்ளியின் கிடைத்தூரத்தையும் நிலைத்தூரத்தையும் பின்னங்களாக எழுதுதல் வேண்டும். தொகுதி ஒவ்வொன்றிலும் மூன்று தெரியாக்கணியங்கள், இரண்டுக்கும் பொதுவான பகுதியில், ஒன்றென்னும் எண்ணோடு, மேலும் இரண்டு, ஆக எட்டு. ஒரு மூலையைத் தொட இரு சமன்பாடுகள் கிடைக்கும்; நான்கு மூலைகளையும் தொட எட்டு. வகுப்பிற் கற்ற ஒருங்கமை சமன்பாடுகளே அவை! பரீட்சைக்கென்று மட்டும் எண்ணியிருந்ததை அம்மாணவர் கையாற் செய்து விளங்கியபின் கணினியிடம் ஒப்படைத்தனர். நான்காவது மூலையைத் தொட்டனர். புள்ளி அங்கேயே விழுந்தது. திரையின் நடுவைத் தொட்டனர், அங்கும் அவ்வாறே. சேர்த்த பணத்தில் மின்கலங்கள் வாங்கினர்.

இன்னுமொன்று. வெயிலிலும் இழைக்குமிழ் விளக்கிலும் இக்கதிர் நிறைய உண்டு. யன்னல்களுக்குத் தடித்த சீலை கட்டுதல் அவசியம். ஒத்திகை நாளன்று மேற்கு யன்னலை நாங்கள் மறந்துவிட்டோம். மாலை வெயில் சுவரில் ஏற, எவரும் தொடாத திரையிலே கோடுகள் தாமாக ஓடலாயின. கூடியிருந்த கீழ்வகுப்புச் சிறுவர், அதுவே காட்சியென எண்ணிக் கைகொட்டினர்.