ஈர நிலத் தோட்டத்தில் வசம்பு

செங்கற்பட்டுச் சீமை ஏரிகள் நிறைந்தது என்பது யாவரும் அறிந்ததே. ஏரி எங்கே உண்டோ அங்கே கரைக்குக் கீழ்ப்புறம் கசிவு நிலமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் கரையின் அடிவழியே ஊறிவரும் ஜலம், மதகை அடுத்த ஒன்றிரண்டு செண்டு நிலத்தை மாதக்கணக்கில் சேறாகவே வைத்திருக்கும். அவ்விடத்தில் நெற்பயிர் சரியாகத் தூர் கட்டுவதில்லை. கத்தரி, வெண்டை முதலிய தோட்டப் பயிர்களோ வேரழுகி மாண்டுபோகும். இது தவிர, பொத்தேரி போன்ற ஊர்களில் இப்போது வேறொரு வகை ஈர நிலமும் தோன்றியிருக்கிறது. ரயில் பாதையையும் பெருஞ்சாலையையும் ஒட்டி வீடுகளும் கல்விச்சாலைகளும் பெருகிவிட்டபடியால், குழாயடி ஜலமும் குளியலறை ஜலமும் தேங்கி நிற்கும் மூலை அநேகமாக வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

இவ்விடங்களைச் சிலர் மண் கொட்டி மேடாக்குகின்றனர். அதனால் ஜலம் அடுத்த வீட்டுக்கோ அடுத்த கழனிக்கோ போகுமே யொழிய ஒழிந்துபோவதில்லை. வேறு சிலர் அழகுக்காகக் கண்ணில் பட்ட அன்னிய நீர்ச்செடிகளைக் கொண்டுவந்து விடுகின்றனர். இது முன்னதைக் காட்டிலும் பெரிய தீங்கு. ஈரத்தை விரட்டாமலும், ஏரிக்குக் கேடு வராமலும், அந்நிலத்தை உபயோகப்படுத்த வழியுண்டு. ஈரத்தையே விரும்பும் நம் நாட்டுச் செடியை அங்கே வைப்பதே அவ்வழியாகும்.

அழகுச் செடியால் வந்த கேடு

ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் ஊதா நிறப் பூவின் அழகை விரும்பியே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வங்காளத்தில் பரவிய அச்செடி பின்னர் தேசமெங்கும் சென்றது. தகுந்த வெயிலும் கழிவு ஜலமும் சேர்ந்தால் இரண்டு வாரங்களிலேயே அது இரு மடங்காகப் பெருக வல்லது. ஏரியின் மேற்பரப்பை அது மூடிக்கொண்டால் வெளிச்சம் உள்ளே புகாது, மீன் மாளும், மதகு அடைபடும். ஒரு தொட்டியில் வைத்த செடி வெள்ளத்தில் மிதந்து ஏரி சேர்வதற்கு ஒரு கார்த்திகை மழை போதும். ஆகையால், ஏரிக்கு மேற்புறத்தில் குடியிருப்போர் தம் தோட்டத்தில் என்ன நடுகிறார்கள் என்பது, ஏரிக்குக் கீழ்ப்புறத்தில் நெல் பயிரிடுவோர் அனைவரையும் பொறுத்த விஷயமாகும்.

ஐரிஸும் வசம்பும்

குளிர் நாடுகளில் ஈர நிலத் தோட்டங்களுக்கு ஐரிஸ் என்னும் வாள் போன்ற இலையுடைய பூச்செடி பெயர் பெற்றது. நம் தேசத்தில் அது இமயமலைப் பிரதேசங்களில் தானாக வளர்கிறது. நம்முடைய சமவெளிக்கு அது உரியதன்று. கிழங்கை வரவழைத்து நட்டாலும் இங்குள்ள கோடையில் நிலைப்பது அரிது. அதன் இனத்தில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு வகை, ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குத் தோட்டச் செடியாகச் சென்று, அங்குள்ள ஓடைகளை அடைத்துக்கொண்டு களையாகிவிட்டது.

அந்த மஞ்சள் ஐரிஸுக்குத் தாவர சாஸ்திரிகள் இட்டுள்ள பெயர் “சூடகோரஸ்” என்பது. அதற்குப் போலி வசம்பு என்று பொருள். ஏனெனில் அதன் இலை வசம்பின் இலையைப் போலவே இருக்கிறது. ஜப்பானியரும் வசம்பை “ஷோபு” என்றும், தோட்ட ஐரிஸைப் “பூ ஷோபு” என்று பொருள்படும் பெயராலும் வழங்குகின்றனர். மே மாதம் 5-ஆம் தேதியன்று வசம்பிலையை வெந்நீரில் இட்டுக் குளிப்பது அவர்களுடைய வழக்கம். ஐரிஸை விரும்புவோர் அதன் நிழலை விட்டு நிஜத்தையே நடலாம். ஐரிஸின் பூ வசம்பில் இல்லை என்பது மெய்யே. எனினும் பசுமையான வாளிலைகளும், கசக்கினால் எழும் வாசனையும், நம் வெயிலைத் தாங்கும் உறுதியும் அதனிடத்தில் உண்டு.

அடையாளம்

வசம்பு இந்தியாவின் சதுப்புப் பிரதேசங்களில் வளரும் செடி. மண்ணுக்குள் விரற் பருமனுள்ள கிழங்கு கணுக்கணுவாகக் கிளைத்துப் படுக்கையாய் ஓடும். இலை 2 முதல் 3 அடி நீளம் வரை வளரும். அதன் நடு நரம்பு சரியாக நடுவில் இராமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது முக்கிய அடையாளமாகும். பூக்கதிர் இரண்டு மூன்று அங்குல நீளத்தில், பச்சையாய், இலை போன்ற தண்டின் பக்கவாட்டில் விரலை நீட்டினாற்போல் நிற்கும். விதை பிடிப்பது அரிதாகையால் கிழங்கைக் கொண்டே விருத்தி செய்ய வேண்டும். விதையால் பரவாத காரணத்தால், வைத்த இடத்தில் அடங்கி நிற்கும் குணமும் இதற்கு உண்டு. ஆயினும் பிடுங்கிய கிழங்கை ஏரியிலும் வாய்க்காலிலும் எறியலாகாது.

நிலமும் பருவமும்

களி கலந்த வண்டல் நிலம் மிகவும் உகந்தது. கடற்கரையை அடுத்த உப்பு மணலில் இது செழிக்காது. ஆடி மாதத்தில் நடுவது நலம். அப்படி நட்டால், ஐப்பசியில் பெருமழை பிடிப்பதற்குள் வேர் ஊன்றிக்கொண்டு, வெள்ளத்தில் கிழங்கு பெயர்ந்து போகாமல் நிற்கும். மழை தொடங்கிய பின் நட்ட துண்டுகள் மிதந்துபோவது சாதாரணம்.

நடவு

கசிவு நிலமாயின், நெல்லுக்குப் போலவே சேறு கூட்டி, மக்கிய தொழு உரம் இட்டுச் சமப்படுத்த வேண்டும். வீட்டுத் தோட்டமாயின் 10 அடி நீளம், 4 அடி அகலம், 1½ அடி ஆழமுள்ள பள்ளம் ஒன்று போதும். அடியில் 3 அங்குல கனத்துக்குக் களிமண்ணை நீர் தெளித்துக் கெட்டிக்க வேண்டும். அதன் மேல் ஏரி வண்டல் மூன்று பங்கும் மக்கிய சாணி எரு ஒரு பங்கும் கலந்து 10 அங்குலம் நிரப்பினால், மேலே ஜலம் நிற்க 5 அங்குலம் மிஞ்சும். ஏரி வண்டலை உரிய அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றின் அருகில் இப்பள்ளத்தை வெட்டலாகாது.

முளையுள்ள கிழங்கை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, அடிக்கு ஒன்றாக, 1½ அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்து மூட வேண்டும். மேற்சொன்ன பள்ளத்துக்கு 40 துண்டுகள் பிடிக்கும். ஒரு செண்டு நிலத்துக்கு 400-க்குச் சற்று மேற்படும். ஆழமாகப் புதைத்த துண்டு முளைக்குமுன் அழுகிவிடும்.

ஜலமும் கொசுவும்

கழனியில் முதலில் 2 அங்குலமும், செடி எழுந்தபின் 4 அங்குலமும் ஜலம் நிற்கலாம். வீட்டருகே இவ்விதம் ஜலத்தை நிறுத்திவைப்பது ஆபத்து. கொசுவின் முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பறப்பதற்கு நம் வெயிலில் சுமார் 7 முதல் 10 நாட்களே ஆகின்றன. ஆகவே வாரத்துக்கு ஒரு முறை பள்ளத்து ஜலத்தை முழுவதும் வடித்து, ஒரு நாள் சேறாகவே விட்டுப் பின்னர் ஜலம் கட்ட வேண்டும். வசம்புக்குச் சேறு காயாமலிருந்தால் போதும்; ஜலம் நின்றே தீர வேண்டுமென்பதில்லை. வடிப்பதற்குப் பள்ளத்தின் ஒரு கோடியில் குழாய்த்துண்டு பதித்து, துணியடைப்பு வைத்துக்கொள்வது சுலபமான ஏற்பாடு.

முதல் மூன்று மாதங்களில் கோரை முளைக்கும். அதை இளம் பருவத்திலேயே கிழங்கோடு பிடுங்காவிட்டால் வசம்பை அமுக்கிவிடும். சித்திரை, வைகாசியில் இலை நுனி காய்ந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. சேற்றின் ஈரத்தைக் காப்பாற்றினால் மீண்டும் துளிர்க்கும்.

அறுவடை

நட்ட ஏறக்குறைய ஒரு வருஷத்தில் அடியிலைகள் மஞ்சளித்துக் காயும். அதுவே பருவம். ஜலத்தை வடித்து, மண் இலேசாக இறுகியதும் கிழங்கை முறியாமல் தோண்டியெடுக்க வேண்டும். கழுவி, சல்லி வேர்களை நீக்கி, இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக்கி நிழலில் உலர்த்துவது நலம். கடுவெயிலில் காயவிட்டால் வாசனைத் தைலம் ஆவியாகிவிடும். மறு நடவுக்கு வேண்டிய நுனிக் கிழங்குகளை ஈர மண்ணில் புதைத்து வைக்கலாம். விற்பனைக்காகப் பெருவாரியாகப் பயிரிட விரும்புவோர், வாங்குவோரை முன்னதாக நிச்சயித்துக்கொண்ட பின்னரே நிலத்தில் இறங்குவது விவேகம்.

உபயோகமும் எச்சரிக்கையும்

உலர்ந்த வசம்பை இடித்துத் தூளாக்கி, விதைக்கென வைத்த உளுந்து, பயறு முதலியவற்றில் கிலோ ஒன்றுக்கு 10 கிராம் வீதம் கலந்து வைத்தால் வண்டு பிடிப்பது குறையும். வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் பூச்சிகளின் இனவிருத்தியைத் தடுக்கிறது. இவ்வாறு கலந்த பயறு விதைப்பதற்கே உரியது, சமையலுக்கு உதவாது.

நம் வீடுகளில் வசம்புக்குப் “பிள்ளை மருந்து” என்றும் “பேர் சொல்லா மருந்து” என்றும் வழக்கு உண்டு. விளக்கில் சுட்டுக் கல்லில் இழைத்துக் கைக்குழந்தையின் நாவில் தடவுவது தொன்றுதொட்ட பழக்கம். இங்கேதான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பூச்சியைத் தடுக்கும் அதே அசரோன், எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில் கட்டிகளை உண்டாக்கியது. ஆதலின் அமெரிக்க அரசாங்கம் 1968-இல் உணவுப் பண்டங்களில் வசம்பைச் சேர்ப்பதைத் தடுத்துவிட்டது. இந்தியாவில் விளையும் வசம்பில் இப்பொருள் அதிகம். அளவு மீறினால் ஓயாத வாந்தி உண்டாகும். இழைத்துக் கொடுப்பதில் அளவென்பது கை அழுத்தத்தைப் பொறுத்ததே யன்றி நிச்சயமானதன்று. பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. பாட்டிமார்கள் அன்பினால் செய்வதே இது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அன்பு விஷத்தை முறிக்காது. தோட்டத்தில் வசம்பு இருக்கிறதென்பதற்காக அதைக் குழந்தைக்கு இழைத்துக் கொடுக்கலாகாது. வயிற்றுப் பொருமலுக்கு வைத்தியரிடம் செல்வதே தகும்.

மேலும் ஒன்று. குளியலறை, சமையலறை ஜலம் பாயும் பள்ளத்தில் வசம்பு நன்றாக வளரும். கழிவு ஜலத்திலுள்ள சத்துக்களை உறிஞ்சி அதைத் தெளியவைக்கும் குணமும் அதற்கு உண்டு. அவ்விதம் வளர்ந்த கிழங்கு ஜலத்தோடு வந்த கெடுதலான பொருள்களையும் ஏற்றிருக்கக் கூடும். அதை மருந்துக்கென்று எவருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. பசுமைக்கும் நிழலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

துணைச் செடிகள்

பள்ளத்தின் ஈர ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும், சேற்று விளிம்பில் நீர்ப்பிரமியும், நடுவில் வசம்பும், தனியாக 1½ அடி ஜலம் நிற்கும் குளமிருந்தால் அதில் அல்லியும் வைக்கலாம். இவை யாவும் நம் நாட்டுச் செடிகள். கழிவு ஜலம் பாயும் இடத்தில் வல்லாரை, பொன்னாங்கண்ணிகளைக் கீரைக்காகப் பறிக்கலாகாது. மாமல்லபுரக் கடற்கரையை அடுத்த கிராமத்தார் வசம்பை விட்டு, உவர்ப்பைத் தாங்கும் நீர்ப்பிரமியையும், மணலில் வெள்ளைப் பூப் பூக்கும் விஷமூங்கிலையும் வைப்பது உசிதம். விஷமூங்கிலின் கிழங்கு நஞ்சு. ஆடு மாடும் குழந்தைகளும் நெருங்காத இடத்தில் அது இருக்கட்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஆகாயத்தாமரையைத் தொட்டியிலும் வளர்க்கலாகாது.
2. வசம்பை ஆடியில், அடிக்கு ஒன்றாக, 1½ அங்குல ஆழத்தில் நடுக.
3. வீட்டருகே வாரம் ஒரு முறை ஜலத்தை வடித்துவிடுக.
4. அடியிலை மஞ்சளித்த பின் தோண்டி, நிழலில் உலர்த்துக.
5. வசம்புத் தூள் விதைப் பயறுக்கே, கைக்குழந்தைக்கு அன்று.
6. கழிவு ஜலத்தில் வளர்ந்த கிழங்கு மருந்துக்கு ஆகாது.

ஒரு செண்டுச் சேற்று நிலம் யாரையும் தனவந்தராக்கிவிடாது. ஆனால் கரைக்கு மேலே ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் மூலையில் ஏற்ற செடியை வைத்தால், கரைக்குக் கீழே மதகு அடைபடாமல் சம்பாவும் நவரையும் விளையும். ஏரியைக் காக்கும் வேலை வீட்டுக் குழாயடியிலேயே தொடங்குகிறது.