சனிக்கிழமை வரும் மறதி

கேள்வி: கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 64. 12 வருடமாகச் சுகர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். ஒரு வருடமாக ஞாபகம் தடுமாறுகிறது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறார்; கேட்டதையே திரும்பக் கேட்கிறார். சனிக்கிழமை விரதத்தன்று இன்னும் மோசம். காலையில் மாத்திரை மட்டும் போட்டுக்கொள்வார். 11 மணிவாக்கில் வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறும். சுகர் மூளையையும் பாதிக்குமா? சாமைச் சோற்றுக்கு மாறினால் மறதி போய்விடுமா?

– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தச் சனிக்கிழமைதான். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சர்க்கரை இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளைதான். இப்படி அடிக்கடி கடுமையாக இறங்குவது பிற்கால மறதி நோயோடும் தொடர்புடையது.

அடுத்த முறை வேர்த்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கருவி இல்லையென்றால் காத்திருக்காமல், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளிய வேண்டும். தெளியாவிட்டால், அல்லது வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். டாக்டரைப் பார்க்கும்வரை அம்மா விரதம் இருக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்த வேண்டாம்.

அடுத்தது மெட்ஃபார்மின். பல வருடம் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அதனாலும் மறதி, கால் மரமரப்பு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியோ மாத்திரையோ போட்டால் பெரும்பாலும் தேறிவிடலாம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பி12, தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனச்சோர்வு, காது மந்தம்கூட மறதி போலத் தோன்றும்.

இனி உங்கள் நேர்க் கேள்வி. ஆம், சுகர் மூளையைப் பாதிக்கும். சர்க்கரை வருடக்கணக்கில் கூடியிருந்தால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. இன்சுலினுக்கு மூளையிலும் வேலை இருக்கிறது. நினைவைப் பதியவைக்கும் பகுதிக்கு அது துணை. உடல் இன்சுலினுக்கு மசியாமல் போகும்போது அந்தத் துணையும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2005-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயை ‘மூன்றாம் வகை நீரிழிவு’ என்றே அழைத்தார்கள். மருத்துவ உலகம் அந்தப் பெயரை ஏற்கவில்லை. சுகர் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் ஒன்றரை மடங்கு. அதற்காக எல்லோருக்கும் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள்.

சாமை நல்லது, உங்கள் மலையிலேயே விளைவது. ஆனால் அது மறதிக்கு மருந்தில்லை. தீட்டிய சாமையும் சர்க்கரையை ஏற்றும். மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். தவிடு போகாத சாமையாகப் பார்த்து அளவாகச் சாப்பிட்டு, கூடவே பயறும் கீரையும் சேர்க்கட்டும். தினமும் நடக்கட்டும். நடந்தால் உடல் இன்சுலினுக்கு மசிந்து கொடுக்கும், மூளைக்கும் நல்லது.

கடைசியாக ஒன்று. மறதியில் அம்மா மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கும். இறங்கினால் மறதி கூடும். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் அதை எடுத்துக் கொடுப்பது வீட்டில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அது யார் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகே மாத்திரை அம்மா கைக்குப் போகட்டும்.